பென்டன்வில்லில் குடும்பத்தோடு இருக்கப் பயமா? ஒரு நீண்ட பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கம்பெனி உங்களை ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற ஊருக்கு அனுப்புகிறது, மனைவியும் நாலு வயதுப் பெண் குழந்தையும் கூட வருகிறார்கள். இணையத்தில் தேடினால் குற்றம் மிகுந்த மாநிலங்களில் ஆர்கன்சாவும் ஒன்று என்று வருகிறது, மாமனார் வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள். மனைவி சாயங்காலம் தனியாக வெளியே நடக்க முடியுமா, ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா, எப்படிப்பட்ட இடத்தில் வீடு பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாருங்கள். மனைவி நடக்கலாம். துப்பாக்கி வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன். இங்கே கவனமாக இருக்க வேண்டிய விஷயங்கள் நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பாதி நீங்கள் பார்த்த அந்தப் பட்டியலில் வரவே வராது.

ஆர்கன்சாவைப் பற்றிய அந்த எண் பொய்யில்லை. வன்முறைக் குற்றத்தில் இந்த மாநிலம் பல வருடங்களாக நாட்டுச் சராசரிக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் அந்த எண்ணைத் தூக்கி நிறுத்துவது லிட்டில் ராக், பைன் பிளஃப், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் மெம்ஃபிஸ் போன்ற ஊர்கள், அங்கேயும் எல்லாத் தெருவும் இல்லை, சில பகுதிகள். லிட்டில் ராக் இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்துப் பென்டன்வில்லுக்குப் பயப்படுவது சென்னைச் செய்தியைப் படித்துவிட்டுக் கோத்தகிரியில் வீடு பார்க்கத் தயங்குவது மாதிரி.

இன்னொன்று, சின்ன ஊர்களுக்கு இந்த விகிதக் கணக்கு சரியாகப் பொருந்தாது. லட்சம் பேருக்கு எத்தனை என்றுதான் போடுகிறார்கள். 5,000 பேர் இருக்கும் ஊரில் அண்ணன் தம்பி சண்டையில் வருடத்தில் ஒரே ஒரு கொலை விழுந்தால் போதும், லட்சத்துக்கு 20 என்று ஆகிவிடும், நாட்டுச் சராசரியோ 5, 6 தான். அடுத்த வருடம் ஒன்றும் நடக்காவிட்டால் அதே ஊர் பூஜ்யம். மால் இருக்கும் ஊர் என்றால் வெளியூர்க்காரர் வந்து கடையில் திருடுவதும் அந்த ஊர்க் கணக்கில்தான் விழும், ஆனால் வகுப்பது ஊரில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும், பக்கத்து ஊர் ரோஜர்ஸைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பென்டன்வில்லில் 2010-இல் 35,301 பேர், 2020 கணக்கெடுப்பில் 54,164 பேர், அதற்குப் பிறகும் ஊர் ஊதிக்கொண்டே போகிறது, பழைய மக்கள்தொகையை வைத்து வகுத்த எண் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 2021-இல் எஃப்.பி.ஐ. கணக்கெடுக்கும் முறையையே மாற்றியது, அந்த வருடம் ஏராளமான போலீஸ் துறைகள் தகவலே அனுப்பவில்லை, ஆகவே அந்த ஆண்டை வைத்து ஏறியது இறங்கியது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊர்களை வரிசைப்படுத்த எங்கள் எண்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று எஃப்.பி.ஐ.யே சொல்கிறது.

சரி, அன்றாட வாழ்க்கை எப்படி. சாயங்காலம் ஏழு மணிக்கு கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தை ஒட்டிய காட்டுப் பாதையில் பெண்கள் தனியாக ஓடுவார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். சனிக்கிழமை காலையில் சதுக்கத்தில் உழவர் சந்தை கூடும்போது பாதி ஊரை அங்கேயே பார்க்கலாம், அதில் நம் ஊர் முகங்களும் நிறைய. எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் அனேகமாக அது எதிர்வீட்டுப் பெரியவராகத்தான் இருக்கும், நாயோடு நடை போகும்போது எங்கள் கராஜ் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்திருப்பார், நாங்கள் மூடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். காமிராவைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

திருட்டு இல்லாமல் இல்லை. பெரும்பாலும் பூட்டாத காரில்தான். சின்னப் பையன்கள் கூட்டமாக வந்து தெரு முழுக்க ஒவ்வொரு கார் கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள், திறந்ததில் இருப்பதை எடுப்பார்கள், பூட்டியதை உடைக்க மாட்டார்கள். அதனால் பூட்டுங்கள், லேப்டாப் பையைச் சீட்டில் விடாதீர்கள், பாதைகளின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கப் போகும்போது கைப்பையைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். பழைய கார் வாங்குவதாக இருந்தால், சாவி போட்டுத் திருகும் பழைய ஹூண்டாய், கியா மாடல்களில் பலவற்றுக்குத் திருட்டைத் தடுக்கும் சில்லு கிடையாது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நகை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே குறிவைத்த கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டுத் தண்டனை வாங்கியிருக்கின்றன. தாலி, தினம் போடும் கம்மல், வளையல் போக மற்றதை ஊரிலேயே விட்டு வாருங்கள், இல்லையென்றால் இங்கே வங்கி லாக்கரில் வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வழக்கமான பாலிசியில் நகைத் திருட்டுக்கு 1,500 டாலர் போலத்தான் கொடுப்பார்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

இனி துப்பாக்கி. எச்-1பி, எல்-1 மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டமே தடுக்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஆபீஸ் நண்பர் பிரியமாக, வாருங்கள், ரேஞ்சில் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள் என்று கூப்பிடுவார், அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது, நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள். வாங்குகிற பேச்சே எழவில்லை.

ஆனால் மற்றவர்களிடம் இருக்கும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஆர்கன்சாவில் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடலாம். 2019-இல் வால்மார்ட் தன் கடைகளுக்குள் துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்து வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது, ஆனாலும் பெட்ரோல் பங்க்கில், சாப்பாட்டுக் கடையில் கண்ணில் படும். பார்த்தால் பதறாதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். என் கவலையெல்லாம் குழந்தைகள் விஷயத்தில்தான். மகள் விளையாடப் போகும் வீட்டில், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நமக்குத்தான் நாக்கு எழாது, இங்கே அம்மாக்கள் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்பதுபோல இதையும் கேட்கிறார்கள், நான் கேட்டபோதெல்லாம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

தெரியாத வீட்டு வளாகத்துக்குள் காரைத் திருப்பாதீர்கள். கைபேசி வரைபடம் கிராமத்து மண் பாதையில் கொண்டுபோய் யாரோ ஒருவர் வாசலில் விட்டுவிடும். 2023 ஏப்ரலில், இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் தவறான வீட்டின் மணியை அடித்ததற்காகச் சுடப்பட்டான், பிழைத்துக்கொண்டான். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால், அது தனியார் நிலம், உள்ளே வராதே என்று அர்த்தம். ஆர்கன்சாவில் அது சட்டப்படி எச்சரிக்கைப் பலகைக்குச் சமம், புதிதாக வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. நவம்பரில் மான் வேட்டைக் காலத்தில் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் பின்னால் விளக்கைப் போட்டால், ஊரில் செய்வதுபோல இறங்கி அவரிடம் போகாதீர்கள், இங்கே அது ஆபத்தான காரியம். வலது ஓரமாக நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே தெரியும்படி வையுங்கள். அவர் வந்து கேட்கும்வரை டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து காகிதம் தேடாதீர்கள். காகிதம் எங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா என்று சொல்லிவிட்டு எடுங்கள். அங்கேயே பணம் கொடுக்கும் பேச்சை விளையாட்டுக்குக்கூட எடுக்காதீர்கள், லஞ்சக் கேஸ் ஆகிவிடும். அப்புறம், குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். கடையில் சின்னப் பொருள் திருடி மாட்டினாலும் விசாவுக்கு ஆபத்து, படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள்கூட இதில் சிக்கியதைக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டிருக்கிறேன்.

அவசர உதவி எண்ணான 911-ஐத் தவறுதலாக அழுத்திவிட்டால் பதறிப்போய்த் துண்டிக்காதீர்கள், தவறாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வையுங்கள், இல்லையென்றால் திரும்ப அழைப்பார்கள் அல்லது வாசலுக்கே ஆள் அனுப்புவார்கள்.

இதை உங்கள் மனைவியும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எச்-4-இல், அதாவது எச்-1பி-காரரின் துணைக்கான விசாவில், வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் வேலை கிடையாது, கார் கிடையாது, தெரிந்தவர் கிடையாது, வீட்டுக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. உங்கள் வீட்டைச் சொல்லவில்லை தம்பி, ஆனால் இந்த ஊர் அமைதியானது என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அடி விழுந்தால் அது இங்கே குற்றம், 911 அழைக்கலாம், அழைத்தவர் விசாவை அதற்காக யாரும் பறிக்க முடியாது. 1-800-799-7233 என்ற தேசிய உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். குடும்ப வன்முறை போன்ற குற்றத்துக்கு ஆளாகிப் போலீசுக்கு ஒத்துழைத்தவர்களுக்கு யு விசா என்று தனி வழியே இருக்கிறது.

நிறத்தைப் பார்த்து யாராவது எதாவது சொல்வார்களா என்றால், எப்போதாவது உண்டு, ஓடுகிற டிரக்கிலிருந்து ஒரு கத்தல், அவ்வளவு. பஃபலோ ஆற்றுப் பக்கம் சுற்றப் போகும்போது ஹாரிசன் என்ற ஊர் வரும், 1905-இலும் 1909-இலும் கறுப்பின மக்களை விரட்டியடித்த ஊர், அந்தக் கெட்ட பெயரைப் போக்க அங்குள்ளவர்களே வருடக்கணக்காக உழைக்கிறார்கள். பகலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதில் ஒரு சிக்கலும் இல்லை.

வருமான வரி அலுவலகம், குடியேற்ற அலுவலகம் என்று போன் வந்து, உடனே பணம் கட்டு, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல் என்றால் வைத்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், எந்த அரசு அலுவலகமும் பரிசு அட்டையில் பணம் கேட்காது.

உயிர் விஷயத்தில் நான் நிஜமாகப் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று சாலை. அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறத்தாழ 40,000 பேர் சாலையில் சாகிறார்கள், கொலையில் சாகிறவர்களைவிட இரண்டு மடங்கு போல. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் மான் குறுக்கே பாயும், ஒன்று வந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். இன்னொன்று டொர்னேடோ என்னும் சுழல் சூறாவளி. 2024 மே 26 அன்று நள்ளிரவு தாண்டி டெகேட்டர், பென்டன்வில், ரோஜர்ஸ் என்று இந்தப் பக்கத்து ஊர்களை அறுத்துக்கொண்டு போனது, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது, தூக்கத்தில் கேட்காது, கைபேசி எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள், தலைமாட்டில் ஷூவும் டார்ச்சும் இருக்கட்டும்.

அதனால்தான் வீடு பார்க்கும்போது மாடிக்கு ஆசைப்படாமல், ஜன்னல் இல்லாத உள்ளறையோ குளியலறையோ இருக்கும் தரைத்தளத்தைக் கேளுங்கள் என்கிறேன். தரைத்தளத்தில் திருட்டுப் பயம் என்பார்கள், நகர்த்தும் கதவுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்தால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே ஒரு சுற்று போய்ப் பாருங்கள், வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு எரிகிறதா, குழந்தைகளின் சைக்கிள் வெளியே கிடக்கிறதா என்று. போலீசின் அவசரமற்ற எண்ணுக்குப் போன் போட்டு அந்த விலாசத்துக்கு எதற்கெல்லாம் அழைப்பு வருகிறது என்றும் கேட்கலாம். மனைவி வந்தவுடன் ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும், இங்கே அதை நடத்துவது மாநிலப் போலீஸ், பேருந்தை நம்பி இந்த ஊரில் இருக்க முடியாது. பார்த்து வைத்திருக்கும் குடியிருப்புகளின் பெயரை எழுதுங்கள், எது பள்ளிக்குப் பக்கம், எங்கே நம் குடும்பங்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.