நான்கு வாரம், நான்கு திருமணம்: ஹால்மார்க் படம் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி 2020 ஆகஸ்டில் ஒளிபரப்பிய 'வெட்டிங் எவ்ரி வீக்கெண்ட்' என்னும் படத்தில், புரூக், நேட் என்ற இருவர் அடுத்தடுத்த நான்கு வார இறுதிகளில் ஒரே நான்கு திருமணங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. வரன் பார்த்துத் தருகிறேன் என்று வருபவர்களிடமிருந்து தப்பிப்பதற்காக இருவரும் துணைக்குத் துணையாகச் சேர்ந்து செல்ல, நட்பு காதலாகிறது. படத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: முடிவு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்காகப் பார்க்க வேண்டும்?

பதில்: முடிவு தெரிந்திருப்பதை இவ்வகைப் படத்தின் குறையாக நான் கருதவில்லை. இருவரும் சேர்வார்களா என்ற ஐயம் இல்லாததால், எப்படிப் பேசிப் பழகிச் சேர்கிறார்கள் என்பதிலேயே நம் கவனம் நிற்கிறது. பாரம் முழுவதும் இரு நடிகர்களின் மேல் விழுகிறது. கிம்பர்லி சஸ்டாடும் பால் கேம்பலும் கேலியை முகம் மாறாமல் வாங்கி, அதே வேகத்தில் திருப்பித் தரத் தெரிந்தவர்கள். கதையமைப்பிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. இத்தகைய படங்களில் காதலர்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கத் தற்செயல்களை அடுக்குவார்கள். இங்கே அழைப்பிதழ்களே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால் படம் எங்கே சறுக்குகிறது?

பதில்: கணக்கில்தான். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 84 நிமிடம். வேறு எதையும் காட்டாமல் பங்கிட்டாலும் ஒரு திருமணத்துக்கு 21 நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே நான்கு ஜோடிகளில் எவருக்கும் தனி முகம் அமையவில்லை. வரவேற்பு, வாழ்த்துரை, நடனம் என்று போகும்போது, மூன்றாம் திருமணத்தில் மணமக்கள் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடுகிறது. இரண்டு திருமணங்களைக் குறைத்திருந்தால் படம் மூச்சுவிட்டிருக்கும். ஆனால் தலைப்பு போயிருக்கும்!

கேள்வி: இந்தப் படங்களின் கடைசி அரை மணியில் வரும் சண்டை ஏன் எப்போதும் செயற்கையாகத் தெரிகிறது?

பதில்: இந்தப் படங்களின் உலகத்தில் பெரும்பாலும் கெட்டவர் இல்லை, பணமுடை இல்லை, பெற்றோர் குறுக்கே நிற்பதில்லை. தடை என்று ஒன்று வேண்டுமே என்பதற்காக, அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு பேச்சையோ, வேறு ஊரில் கிடைத்த வேலையையோ கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தொழில் காரணமும் உண்டு. திரைக்கதை விளம்பர இடைவேளைகளுக்கேற்பப் பல பகுதிகளாக எழுதப்படுகிறது. கடைசி இடைவேளைக்கு முன் காதலர்கள் பிரிந்திருந்தால்தான் பார்ப்பவர் வேறு அலைவரிசைக்குத் தாவமாட்டார். ஊடலுக்கென்று தனித் திணையே வகுத்த இலக்கியத்தைப் படித்த நமக்கு, 'என்ன சொன்னாய்?' என்று ஒருமுறை கேட்டாலே தீர்ந்துவிடக்கூடிய இந்தப் பிணக்கு சப்பென்றுதான் இருக்கும். ஊடலில் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த உரிமை வெளிப்படும். இங்கே வெளிப்படுவது எழுதியவரின் அவசரம்.

கேள்வி: முத்தம் ஏன் கடைசிக் காட்சிவரை தள்ளிப்போகிறது?

பதில்: அது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். நெருங்கி வரும்போதெல்லாம் கைப்பேசி ஒலிக்கும், அல்லது யாராவது கதவைத் தட்டுவார்கள்.

கேள்வி: இரண்டு மணப்பெண்களின் திருமணத்தைப் பலர் பெரிதாகப் பேசியது ஏன்?

பதில்: 2019 டிசம்பரில், இரு மணப்பெண்கள் முத்தமிடும் ஜோலா நிறுவனத்தின் விளம்பரத்தை ஒரு பழமைவாதக் குழுவின் எதிர்ப்புக்கு அஞ்சி இதே அலைவரிசை நிறுத்தியது, கண்டனம் கிளம்பியதும் சில நாள்களிலேயே மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பில் அபட் பதவி விலகினார். ஆகஸ்டில் வந்த இந்தப் படம்தான் ஒருபால் திருமணத்தைக் காட்டிய முதல் ஹால்மார்க் படம். நான்கில் ஒன்றாக, தனிப் பிரசங்கம் எதுவும் இன்றி அதை வைத்தது நாகரிகம் என்பேன். ஆனால் மற்ற மூன்று ஜோடிகளுக்கு நேர்ந்த கதியே இவர்களுக்கும் நேர்ந்தது. அந்தப் பெண்களைப் பற்றி நாம் அறிந்துகொள்வது மிகக் குறைவு.

கேள்வி: இவ்வகைப் படங்களில் செலவைக் குறைத்திருப்பது கண்ணில் படுகிறதே?

பதில்: படும். பெரும்பாலும் கனடாவில், சுமார் மூன்று வாரங்களில் படப்பிடிப்பை முடித்துவிடுகிறார்கள். துணை நடிகர்களுக்கு நாள் சம்பளம் தர வேண்டும் என்பதால் விருந்தினர் கூட்டம் மெலிந்தே இருக்கும். காகிதக் கோப்பையில் காப்பி வாங்கிக்கொண்டு நடக்கும் காட்சி வந்தால் கையைக் கவனியுங்கள். பேச்சு சூடுபிடித்ததும் கோப்பை தலைகீழாகச் சாய்ந்தாலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. அவர்கள் தூங்கிவிடாமல் இருந்தால் சரி.

கேள்வி: இதே நடிகர்களின் வேறு படம் எதைப் பார்க்கலாம்?

பதில்: சஸ்டாடும் கேம்பலும் சேர்ந்து திரைக்கதை எழுதிய 'த்ரீ வைஸ் மென் அண்ட் எ பேபி' 2022இல் வந்தது. அண்ணன் தம்பிகள் மூவரிடம் ஒரு கைக்குழந்தை வந்து சேரும் கிறிஸ்துமஸ் கதை அது. மூவரில் ஒருவராகக் கேம்பலே நடித்திருக்கிறார். திருமணப் படத்தில் நீங்கள் ரசித்த பேச்சுத் துடுக்கு அதில் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது.