உருவிக்கொண்ட கை

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்கு மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' நடத்துகிறேன்; ஆதாமும் ஏவாளும் சொர்க்கத்தை இழந்த கதையைச் சொல்லும் காவியம். அதன் பன்னிரண்டு பாகங்களை 'புத்தகம்' என்பார்கள்; பாடத்தில் முதல் புத்தகம் மட்டும்தான். மாணவர்கள் எல்லாரும் சாத்தான் கட்சி. கல்லூரி விழாவுக்கு அதை அரைமணி நேர நாடகமாக்கக் கேட்கிறார்கள். சாத்தானை நாயகனாக வைக்கலாமா? வசனத்தில் இயைபு போட்டு, அதாவது வரிக் கடைசிகள் ஒரே ஓசையில் முடியும்படி, பாட்டாக மாற்றினால் மூலத்துக்குத் துரோகமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது என் பழைய மில்டன் கையில் வந்தது. முதல் புத்தகம் முழுக்கப் பென்சில் கோடு. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை வெள்ளை வெளேர். பத்தாயிரம் வரிக்கு மேல் ஓடும் காவியத்தில் 798 வரியைப் படித்துவிட்டு, 'சாத்தானே நாயகன்' என்று மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அதனால் உங்கள் மாணவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உங்களைத் திட்டலாம்.

பாடத்திட்டம் முதல் அறையோடு கதவைச் சாத்திவிட்டது, சரி. மிச்சத்தை நீங்களாவது படித்தீர்களா? கடிதத்தில் அதற்கான அடையாளமே இல்லை. பத்தாவது புத்தகத்தில் அதே சாத்தான், பாம்பு உருவில் ஏவாளை ஏமாற்றி ஜெயித்த கதையை நரகத்தில் அளந்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நிற்கிறான். கேட்பது சீறல். அவையில் இருந்தவர்கள் எல்லாரும் பாம்பாகிவிட்டார்கள், அவனும்தான். உங்கள் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இயைபைப் பற்றி ஒரு வார்த்தை. அது கவிதைக்குப் போட்ட விலங்கு என்று மில்டனே முன்குறிப்பு எழுதி வைத்தார். ஆனாலும் அவர் காலத்துக் கவிஞர் டிரைடன் இந்தக் காவியத்தை இயைபோடு இசைநாடகமாக எழுதினார். 1677இல் அச்சானது, மேடை ஏறவே இல்லை. துரோகத்தை விடுங்கள், மேடை ஏறுமா என்று பாருங்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. கைகளைக் கவனியுங்கள். நான்காவது புத்தகத்தில் ஆதாமும் ஏவாளும் அறிமுகமாகும்போதே கைகோத்து நடக்கிறார்கள். ஒன்பதாவதில், காலை நேரத்தில், ஒரு சின்ன வாக்குவாதம். தோட்ட வேலையை ஆளுக்கொரு பக்கம் பிரித்துச் செய்யலாம் என்கிறாள் அவள். எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சுதான். அவனுக்கு இஷ்டமில்லை, கடைசியில் போ என்கிறான். அவள் தன் கையை அவன் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொள்கிறாள். பாம்பு இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை! என்னைக் கேட்டால் சொர்க்கம் போனது அந்த வரியில்தான்; பழமெல்லாம் அப்புறம்.

பழம் தின்ற பிறகு அவன் அவள் கையைப் பற்றுகிறான், அது வெறும் காமம். பிறகு ஒருவர்மேல் ஒருவர் பழி. பத்தாவதில் அவளைப் பார்த்து 'பாம்பே, என் கண்முன் நிற்காதே' என்கிறான். அவள் அவன் காலில் விழுந்து, என்னைக் கைவிடாதே, தண்டனை முழுவதும் என் தலைமேல் விழட்டும் என்கிறாள். இவ்வளவு பெரிய கவிதையில் சாத்தானுக்கு வாயில் வராத பேச்சு இது. கடைசி இரண்டு வரியில், கைகோத்து, தயங்கித் தயங்கி வெளியேறுகிறார்கள். உங்கள் நாடகம் இதுதான் அம்மா. சாத்தானுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், போதும்.

கடனுக்காக வீட்டை விற்று நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது எனக்கு 17 வயது. அதற்கு முன் மூன்று மாதம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. ஜாமீன் கையெழுத்து போட்டது அப்பா, நகையைக் கழற்றிக் கொடுத்தது அம்மா. தப்பு யார்மேல் என்று தீரவே இல்லை. சாமான் ஏற்றிய வேன் முன்னால் போய்விட, நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். தெருமுனையில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து வகுப்பில் மில்டன் வந்தார். முதல் புத்தகத்தோடு நிறுத்திவிட்டார்கள்.