கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் என் தம்பி விசைத்தறி வைத்திருக்கிறான், வயது 38. கூலி கட்டுப்படியாகாமல் பாதித் தறியை விற்றுவிட்டான். கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை, பேச்சுமில்லை. போன வாரம் "நான் இல்லீன்னா எல்லாருக்கும் நிம்மதிங்கக்கா" என்றான். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், நாமே அதை மனசில் போட்டது போல ஆகிவிடுமோ?

பதில்: ஆகாதுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஏற்கெனவே இருந்தால் அதை வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும். அதனால் தள்ளிப் போடாமல் இன்றைக்கே கேளுங்கள்.

தறிச் சத்தத்திலும், கடன்காரர் வந்துபோகும் வாசலிலும் வேண்டாம், தோட்டத்துப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "கண்ணு, நீ அன்னைக்குச் சொன்னது எனக்குள்ளேயே நிக்குது, சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். ரொம்ப நேரம் பதில் வராமல் இருக்கலாம், அழலாம், பரவாயில்லை. நம் ஊரில் உடனே வாயில் வருவது "தைரியமா இரு", "குழந்தைகளை நினைச்சுப் பாரு", "ஊர் என்ன சொல்லும்" என்பதுதான். ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கிறவருக்கு இது குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும், அடுத்த முறை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டார்.

ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள், நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அவசரம் என்றால் 108. பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எதுவும் வீட்டில் அவர் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. சாகத் தோன்றும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் இருக்கும், அந்த நேரம் கடந்தால் உயிர் தப்பும். மது குடித்தால் அந்த வேகத்தை அடக்குவது இன்னும் கஷ்டம், அதையும் கவனியுங்கள்.

14416 டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண்; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தம்பி பேசத் தயங்கினால் முதலில் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வதென்று கேட்கலாம். நேரில் பார்க்க கோவை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பலரும் பயப்படுவார்கள். எண்ணம் வருவது குற்றமே இல்லை. முயற்சி செய்தவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றுதான் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரம் ஆகும். "ஒண்ணும் கேக்கலீங்க" என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுவதுதான் பெரிய பிரச்சினை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், அந்த மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம். கடன் பேச்சு அப்புறம் கட்டாயம் வரணும், ஆனால் அவர் தனியாக இல்லாமல், கணக்குத் தெரிந்த, சத்தம் போடாத பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.