பிடித்தலும் உடைமையும்

கேள்வி: பள்ளியில் பிரெஞ்சு படித்தபோது 'தெனீர்' என்றால் 'பிடித்துக்கொள்' என்றார்கள். ஸ்பானிய வகுப்பில் 'தெனேர்' என்பதற்கு 'உண்டு, வைத்திரு' என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியின் 'தேனி'யும் இதுதானா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: மூன்றுக்கும் தாய் லத்தீன் 'தெனேரே'. கையால் பிடிப்பது, விடாமல் வைத்துக்கொள்வது என்பதே அதன் பொருள். உடைமைக்கு லத்தீனில் 'ஹபேரே' இருந்தது. நாம் 'எனக்கு ஒரு புத்தகம் உண்டு' என்பதுபோலவே 'மிஹி எஸ்த் லிபெர்' என்றும் சொன்னார்கள்.

ஸ்பானிய மொழியில் ஹபேரேயின் வாரிசான 'அபேர்' துணைவினையாகத் தேய்ந்தது. காலியான இடத்துக்குத் தெனேர் வந்தது. புத்தகம் இருந்தாலும் 'தெங்கோ', பசித்தாலும் 'தெங்கோ ஆம்ப்ரே', வயது 20 என்றாலும் 'தெங்கோ'தான். கத்தலானும் போர்த்துகீசியமும் இதே வழியில் போயின.

போர்த்துகீசியம் இன்னும் ஒரு படி தாண்டி, துணைவினை வேலையையும் இதன் வாரிசான 'தேர்' என்ற வினையிடமே கொடுத்துவிட்டது. ஸ்பானியம் அறிந்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்பானிய 'ஏ எஸ்க்ரீத்தோ' என்றால் 'எழுதியிருக்கிறேன்'. அதையே சொல்லுக்குச் சொல் மாற்றி 'தேஞ்ஞு எஸ்க்ரீத்து' என்றால், 'கொஞ்ச நாளாக எழுதிக்கொண்டே வருகிறேன்' என்றாகிவிடும். ஒரு கடிதத்தை எழுதி முடித்ததைச் சொல்ல 'எஸ்கிரெவி' என்ற எளிய இறந்தகாலமே சரி.

ஸ்பானியத்திலும் 'தெங்கோ எஸ்க்ரீத்தா லா கார்த்தா' என்று உண்டு. கடிதம் எழுதித் தயாராகக் கையில் இருக்கிறது என்று பொருள். 'கார்த்தா' பெண்பால், அதனால் 'எஸ்க்ரீத்தா'. அபேருடன் வந்தால் பால் பார்க்காமல் 'எஸ்க்ரீத்தோ'தான்.

பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் மூன்றும் பழைய பொருளை விடவில்லை. நேப்பிள்ஸிலும் தென் இத்தாலியிலும் மட்டும் பேச்சுவழக்கில் உடைமைக்கும் இது வரும். பிரெஞ்சில் 'ஜ தியேன் அ துவா' என்றால் 'நீ எனக்கு முக்கியம், உன்மேல் பிரியம்' என்று பொருள். ருமேனியத்திலும் பிடித்தல் இப்படிப் பிரியமாகிறது. 'எனக்குப் பிடிக்கும்' என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்!

1887-இல் வெளியான எஸ்பெராந்தோ இரண்டையும் பிரித்தே வைத்தது: பிடிக்க 'தேனி', உடைமைக்கு 'ஹாவி'. அதிலிருந்து பிறந்த 'இதோ' என்ற செயற்கை மொழியும் அப்படியே. ஸ்பானியப் பழக்கத்தில் 'மி தேனாஸ் லிப்ரோன்' என்றீர்களானால், புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறீர்கள் என்றே கேட்பவர் நினைப்பார். உங்களிடம் புத்தகம் உண்டு என்பதற்கு 'மி ஹாவாஸ் லிப்ரோன்' என்று சொல்லுங்கள்.