ப்ரொய்லர் தீனில் சோயாவைக் குறைத்துத் தேங்காய்ப் புண்ணாக்கு போடலாமா?

போடலாம், ஆனால் முதல் மூன்று கிழமைக் குஞ்சுகளுக்கு வேண்டாம். நீங்கள் கொழும்புப் பக்கம் சின்னதாகக் கூடு வைத்திருக்கிறீர்கள், சோயா விலை கழுத்தை நெரிக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூடு ஹங்வெல்லவில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது காசோடு போனாலும் சோயாப் புண்ணாக்கு கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் பலர் கூட்டை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. கைக்குக் கிடைத்த சோயாவைக் குஞ்சுகளுக்கு ஒதுக்கிவிட்டு, கடைசிக் கிழமைகளின் தீனில் மட்டும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேர்த்தேன்.

சோயாவில் புரதம் 44 முதல் 48 வீதம், தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறத்தாழ 20தான். கூடுதலாகப் போட்டுச் சமன் செய்யலாம் என்பவர்கள் புரதத்தின் ஒரு கூறான லைசீனை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் நெஞ்சுச் சதை வைக்காது. எள்ளில் மெத்தியோனீன் என்ற இன்னொரு புரதக் கூறு நன்றாக உண்டு, லைசீன் அதிலும் குறைவு. ஆகவே லைசீன் தூளை வாங்கித்தான் கலக்க வேண்டும். அதோடு, தேங்காய்ப் புண்ணாக்கில் நார் அதிகம். தண்ணீரை உறிஞ்சி ஊதும், இரைப்பை நிறைந்து கோழி தின்பதைக் குறைத்துவிடும். நான் 10 வீதத்தைத் தாண்டவில்லை. பூஞ்சணம் பிடித்த மூட்டையைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். புரதத்துக்காகச் சிலர் போடும் இபில்-இபில் மர இலையில் மிமோசின் என்ற நச்சு உண்டு. ப்ரொய்லருக்கு அதை நான் போடமாட்டேன்.

"எடை வந்ததா?" என்று இங்கே யாராவது கேட்பார்கள். வந்தது, சில நாள் பிந்தி. கம்பனித் தீனை விட இது மேல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் கூடு வெறுமையாகக் கிடக்கவில்லை, வேலைக்கு நின்ற பிள்ளைகளின் சம்பளமும் நிற்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தீன் கலப்பது பற்றி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். கையேடு சிங்களத்தில் மட்டும். வகுப்பு நடத்தியவர்களிடம் தமிழில் கேட்டேன், பிறகு அனுப்புவோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. கோழி வளர்க்கிற தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் தீன் மூட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

உங்கள் கோழிக்கு எத்தனை கிழமை, கையில் என்னென்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கலவைக் கணக்கைத் தமிழிலேயே போட்டுத் தருகிறேன்.