படத்தின் கீழே பெயர் போடு

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறோம், 42 பேர். பெரும்பாலானவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். விடைபெறும் மலர் ஒன்று கொண்டுவருகிறோம். அதில் ‘திரும்பிப் பார்க்கிறோம்’ என்ற கட்டுரை என் பொறுப்பு. சிறகு முளைத்த பறவைகள், மறக்க முடியாத பொற்காலம் என்றெல்லாம் எழுதிவிட்டேன். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கென்னவோ அது எந்த வகுப்புக்கும் பொருந்தும் போலிருக்கிறது. எப்படித் திருத்துவது? கவிதையாக எழுதினால் மேலா? நல்ல தலைப்பும் சொல்லுங்கள். நடுப்பக்கத்தில் வகுப்புப் படம் வருகிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெயர்கள் போடவில்லை. அந்த இடத்தில் நட்பைப் பற்றி நான்கு வரி போட்டிருக்கிறோம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உன் சந்தேகம் சரி. நண்பர்கள் பாராட்டிய பிறகும் தன் எழுத்தின் மேல் ஒருவனுக்கு இப்படிச் சந்தேகம் வருவது நல்ல அடையாளம், அதை விட்டுவிடாதே. கவிதையா உரைநடையா என்பது பெரிய விஷயமே இல்லை. கை எதில் ஓடுகிறதோ அதில் எழுது. தலைப்பு எழுதி முடித்த பிறகு கட்டுரைக்குள்ளிருந்தே கிடைக்கும்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பெயரில்லாத பழைய வகுப்புப் படங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் தெரியுமா? எத்தனை நாளைக்குத் தெரியும்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு அது. உயர்நிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்தவர்களிலிருந்து முடித்து ஏறத்தாழ 50 ஆண்டு ஆனவர்கள் வரை 392 பேர். அவரவர் பள்ளி ஆண்டு மலரில் இருந்த படங்களை வைத்தே கேட்டார்கள். வேறு முகங்களுக்கு நடுவே வகுப்புத் தோழரின் முகத்தைக் காட்டினால், 35 ஆண்டு கழித்தும் பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதே முகத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டால், ஆண்டு ஏற ஏறத் திணறினார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்தால் மட்டும் ‘ஆமாம், நம் வகுப்புதான்’ என்று பல ஆண்டுகளுக்குச் சொல்ல முடிந்தது. பெயர் உள்ளே எங்கோ இருக்கிறது, தானாக வாய்க்கு வருவதில்லை. அச்சிட்ட பெயர் அதை எடுத்துக்கொடுக்கும். உங்கள் நான்கு வரி எடுத்துக்கொடுக்காது. அந்த நான்கு வரியைத் தூக்கு.

பெயர் போடுவதிலும் முறை இருக்கிறது, தம்பி. படத்தைப் பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து ஒவ்வொரு தலைமேலும் எண் எழுது. முன்வரிசையிலிருந்து தொடங்கு: அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்களில் முதல் வரிசை, அடுத்து இரண்டாம் வரிசை. இடமிருந்து வலம் என்றால் படத்தைப் பார்ப்பவருடைய இடம். படத்தில் நிற்பவனைக் கேட்டால் தன் இடது கைப்பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவான், பட்டியல் தலைகீழாகிவிடும். பிறகு வரிசைக்கு வரிசை தலைகளையும் பெயர்களையும் எண்ணி ஒப்பிடு. மொத்தம் 42 வந்துவிட்டது என்று நிறுத்தாதே. இரண்டு வரிசைக்கு நடுவே தலையை நீட்டுகிறவன் ஒருவன் எல்லாப் படத்திலும் இருப்பான். அவன் பெயரை வரிசை மாற்றி எழுதிவிட்டால் மொத்தம் சரியாகவே வரும். அவனைத் தாண்டி நிற்கிற அத்தனை பேரும் ஓரிடம் நகர்ந்து பக்கத்து ஆளின் பெயரில் நிற்பார்கள். அடிக்கடி நடக்கிற பிழை இதுதான்.

பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதே. ஒவ்வொருவரும் தன் கையால் எழுதித் தரட்டும்: தலைப்பெழுத்தோடு முழுப் பெயர், அதன் பக்கத்தில் வகுப்பில் கூப்பிட்ட பெயர். கூப்பிட்ட பெயரைப் போட அவரவர் சம்மதம் வேண்டும். நீங்கள் சிரித்துக்கொண்டே வைத்த பட்டப்பெயரை இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர் ஒருவராவது உங்களில் இருக்கக்கூடும். அதை அச்சிலும் ஏற்றி ஆயுளுக்கும் சுமக்க வைக்காதீர்கள். படம் எடுத்த அன்று வராதவர்கள், நடுவில் பள்ளி மாறிப் போனவர்கள், அவர்கள் பெயரும் வேண்டும். தேதி, எடுத்த இடம், எடுத்தவர் பெயர் கீழே ஒரு வரியில்.

நடுப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால் நடுவில் நிற்கிறவர் முகத்தில் மடிப்பு விழும், கம்பிப் பின் அடித்தால் அதுவும் அங்கேதான் இறங்கும். ஒரே பக்கத்தில் படுக்கைவாட்டில் திருப்பிப் போடுங்கள். மூன்று வரிசையில் 14 பேர் வீதம் நின்றால், 20 செ.மீ. அகலத்தில் ஆளுக்கு ஒன்றரை செ.மீ. கூட வராது, முகம் அதிலும் பாதி. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அதாவது அந்த அகலத்துக்கு ஏறத்தாழ 2,400 புள்ளி. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வந்திருக்கும். கேமராவில் உள்ள மூலக் கோப்பையே வாங்கு.

கட்டுரைக்கு வருகிறேன். ‘மறக்க முடியாத நாள் எது’ என்று யாரையும் கேட்காதே. ஆண்டு விழாவும் சுற்றுலாவும்தான் வரும், அவற்றுக்குப் படங்களே இருக்கின்றன. எதுவுமே நடக்காத ஒரு நாளின் கடைசிப் பாடவேளையைக் கேள். எந்த பெஞ்ச் ஆடியது, அதன் காலுக்கு அடியில் என்ன மடித்து வைத்தீர்கள், மணி அடிக்கப் போகிறது என்பது எப்படித் தெரியும், கரும்பலகையின் எந்த மூலை வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். முதலில் மறப்பது இதுதான். ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தந்த பிறகே கூடிப் பேசுங்கள். கூட்டாக உட்கார்ந்து நினைவுகூர்ந்தால், தனித்தனியே எழுதியதைச் சேர்த்தால் வருவதைவிடக் குறைவாகவே வரும். ஒருவர் பேச்சு இன்னொருவர் நினைவை இடைமறித்துவிடும். வகுப்புக்கு ஒன்றாக இருக்கை வரைபடமும் போடச் சொல். மூன்று பேர் வரைந்தது ஒத்துப்போகாத இடத்தில் ஒரு கதை இருக்கும், அங்கே தோண்டு.

பொற்காலம் என்ற சொல்லை அடித்துவிடு. அதே பாரிக் 1996-இல் இன்னொரு ஆய்வும் வெளியிட்டார். கல்லூரியில் சேர்ந்த 99 பேரை அவர்களுடைய பள்ளி மதிப்பெண் தரங்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். உயர்ந்த தரமான ‘ஏ’ 89 சதவீதம் சரியாக இருந்தது, ‘டி’ 29 சதவீதம்தான். தவறியவர்களில் பெரும்பாலோர் தரத்தைக் கூட்டியே எழுதியிருந்தார்கள். பொற்காலத்தை நினைவே தானாகச் செய்துகொள்ளும், அதற்கு உன் உதவி வேண்டாம். தேர்வில் தோற்றது, இரண்டு பேர் ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருந்தது, யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெஞ்ச், இவையும் கட்டுரையில் வரட்டும். சம்பந்தப்பட்டவரிடம் முதலில் படித்துக் காட்டு. வேண்டாம் என்றால் எடுத்துவிடு, காரணம் கேட்காதே.

மடித்துக் கம்பிப் பின் அடிக்கிற மலரில் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். கடைசி நேரத்தில் இரண்டு மூன்று பக்கம் காலியாக நிற்கும். உடனே யாராவது பொன்மொழிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விடாதே. அந்த இருக்கை வரைபடங்களை அங்கே போடு, ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக, பெயர்களோடு.