முதுகு வளைவு 47 டிகிரி: உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எட்டு மாதத்துக்கு முன் 43 டிகிரி, இப்போது 47. வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலி இல்லை. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? - வாசகி, நாமக்கல்

பதில்: இருவர் சொல்வதிலும் தப்பில்லை அம்மா. 45-க்கும் 50-க்கும் இடையில் நாங்களே ஒருவருக்கொருவர் ஒத்துப்போக மாட்டோம்.

முதலில் அந்த நான்கு டிகிரியைப் பார்ப்போம். எக்ஸ்ரேயில் மேலேயும் கீழேயும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்புகளின் விளிம்பில் கோடு போட்டுத்தான் கோணத்தை அளக்கிறோம். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரும். அதனால் வளைவு நிஜமாகவே கூடியிருக்கிறதா என்பது சந்தேகம்தான். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒரே டாக்டரை அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வளர்ச்சி எவ்வளவு பாக்கி? அதே எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் ஓரத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை 'ரிஸ்ஸர்' எண் போடுவார்கள். அது 0, 1 என்று இருந்தால் காத்திருக்க வேண்டாம், வளைவு வேகமாகக் கூடும். 4, 5 என்றால் ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம். அதில் வளைவு 50-ஐத் தாண்டினால் நான் ஆபரேஷன் பக்கம்தான்.

ஏன் 50? முப்பதுக்குள் இருக்கும் வளைவு, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். நெஞ்சுப் பகுதியில் 50-ஐத் தாண்டியது, வளர்ந்து முடிந்த பிறகும் வருடத்துக்குச் சராசரியாக ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகும். நாற்பது வயதில் எண்பதைத் தொட்டால் நுரையீரலுக்கு இடம் குறையும். இன்று வலி இல்லையே என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான், ஆனால் இந்த ஆபரேஷன் வலிக்காகச் செய்வதில்லை.

பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் கவசம்) பொதுவாக 25-லிருந்து 40 டிகிரி வரை, வளரும் பிள்ளைகளுக்கு. உங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. உடற்பயிற்சி முதுகுக்கு நல்லது, ஆனால் 47-ஐ நிமிர்த்தாது. எலும்பைத் தட்டி நேராக்குகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

ஆபரேஷனில் திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றோடொன்று சேர விடுகிறோம். சேர்ந்த பகுதி அப்புறம் வளையாது. நரம்பு பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு, நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதத்தில் பள்ளிக்குப் போகலாம். கல்யாணம், பிரசவம் பற்றிக் கேட்க வந்து கேட்காமலே திரும்பும் அம்மாக்கள் அதிகம்: இரண்டுக்கும் இது தடையில்லை.

மகளிடம் தனியாகப் பேசுங்கள். குனியும்போது புடைக்கும் தோள்பட்டை அவளை உறுத்தினால், அதுவும் கணக்கில் சேரும். கடைசியாக சர்ஜனிடம், இடுப்புப் பகுதியில் எந்த எலும்பு வரை கம்பி இறங்கும் என்று கேளுங்கள். எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு குனிவதும் திரும்புவதும் குறையும்.